ஈரலும் என்பும்

மூப்பு மனிதனுக்குக் கொணரும் இன்னல்கள் பல. பார்வை மங்குவதும் செவி மந்தமாவதும் எல்லோரும் அறிந்தவை. ஆயின், ஒரே நாளில் ஒரு மனிதனின் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்துவிடும் இன்னல் ஒன்று உண்டு. அதுவே என்பு முறிவு. நேற்றுவரை கோயிலுக்கும் கடைக்கும் தாமே நடந்து சென்ற முதியவர் ஒருவர், ஈரமான தரையிற் கால் வழுக்கி விழுகிறார். இடுப்பு என்பு முறிகிறது. அதன் பின்னர் கட்டிலே அவருக்கு உலகமாகிறது. இடுப்பு என்பு முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துவிடுகின்றனர் என்பதைப் பல நாடுகளின் அனுபவம் காட்டியிருக்கிறது. எஞ்சியோருள்ளும் பலர் முன்போல் நடமாடும் ஆற்றலைத் திரும்பப் பெறுவதில்லை.

இத்தகைய முறிவுக்குக் காரணம் என்ன? வயது என்பது ஒரு விடை. வழுக்கும் தரை என்பது மற்றொரு விடை. இரண்டும் உண்மையே. ஆயினும், சிலரிடத்து மூன்றாவது காரணம் ஒன்று, எவர் கண்ணிலும் படாமல், வலப்புற விலா என்புகளின் கீழே மறைந்து கிடக்கிறது. அதுவே நோயுற்ற ஈரல். ஈரலுக்கும் இடுப்பு என்புக்கும் என்ன உறவு என்று வியப்போர் பலர். அவ்வியப்பிற் குறையொன்றுமில்லை. இவ்வுறவை முழுதாக உணர்ந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றது. அவ்வறிவு எவ்வாறு சிறிது சிறிதாக வளர்ந்தது என்பது சுவை மிக்க ஒரு வரலாறாகும்.

பழங்காலத்தில் ஈரலும் என்பும் முற்றிலும் வேறான இரு நிலைகளில் வைத்து எண்ணப்பட்டன. கிரேக்க மருத்துவ மரபின் பேராசானாகிய காலென், உண்ட உணவு ஈரலிலேதான் குருதியாக மாறுகிறது என்று போதித்தார். அக்கொள்கை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் ஆட்சி செலுத்தியது. ஈரல் உயிரின் ஊற்று எனப் போற்றப்பட, என்போ வீட்டுக்கு வளைமரம் போல் உடலைத் தாங்கி நிற்கும் உயிரற்ற பொருளாகவே பலராலும் கருதப்பட்டது. ஆனால் என்பு உயிருள்ளது. அதனுள்ளே பழைய பகுதிகளை அரித்து எடுக்கும் கலங்களும், அவ்விடத்தில் புதிய என்பைக் கட்டும் கலங்களும் இரவு பகலாக வேலை செய்கின்றன. வளர்ந்த ஒருவரின் என்புத் தொகுதியில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு ஒவ்வோராண்டும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. அரிப்பும் கட்டலும் சமமாக நடைபெறும் வரை என்பு உறுதியாக நிற்கும். கட்டுவோர் கை தளர்ந்தால், சுவர் மெலியும்.

இவ்விரண்டு உறுப்புக்களையும் ஒரே மனிதரின் அறிவு ஆராய்ந்த அரிய நிகழ்ச்சி 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர் பிரான்சிஸ் கிளிசன். அக்காலத்தில் ஆங்கில நாட்டுக் குழந்தைகள் பலரின் கால்கள் வில்லாக வளைந்தன, நெஞ்சுக்கூடு ஒடுங்கியது, மணிக்கட்டுக்கள் வீங்கின. றிக்கற்ஸ் எனப்படும் இந்நோயை லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1645இல் தானியேல் விஸ்லர் என்பார் தம் பட்டத்துக்குரிய ஆய்வுரையிற் சுருக்கமாக விவரித்திருந்தார். கிளிசனோ வேறு மருத்துவர் சிலரின் துணையுடன் அதனை நுணுகி ஆராய்ந்து, 1650இல் இலத்தீன் மொழியில் விரிவான நூலொன்றை வெளியிட்டார். என்பு நோய் பற்றிய நூல்களுள் அது ஒரு முன்னோடி.

நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1654இல், அதே கிளிசன் மற்றொரு நூலை வெளியிட்டார். அது ஈரலின் உடற்கூற்றை விளக்குவது. ஈரலைப் போர்த்தி, அதனுட் செல்லும் குருதிக் குழாய்களையும் பித்தக் குழாய்களையும் உறைபோற் சூழ்ந்து நிற்கும் மெல்லிய இழையப் போர்வை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இவ்வாறு ஒரே மேசையிலிருந்து என்பைப் பற்றிய நூலொன்றும் ஈரலைப் பற்றிய நூலொன்றும் பிறந்தன. இரண்டையும் இணைக்கும் நூல் இழை ஒன்று உண்டென்பதை அறியும் வாய்ப்பு அவர் காலத்து விஞ்ஞானத்துக்கு இருக்கவில்லை.

அவ்விழையின் ஒரு நுனி எதிர்பாராத இடத்திலிருந்து வெளிப்பட்டது. வட ஐரோப்பியக் கடற்கரை மக்கள் கொட் எனும் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயை நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகர வைத்தியசாலையில் மூட்டு வாதம் கொண்ட நோயாளருக்கு அது கொடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் மருத்துவர் சிலர் றிக்கற்ஸ் நோய்க்கு அதுவே கைகண்ட மருந்தெனக் கண்டனர். 1889இல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையிலிருந்த சிங்கக் குட்டிகள் என்பு வளைந்து மடிந்து வந்தபோது, சத்திர வைத்தியர் ஜோன் பிளாண்ட் சட்டனின் ஆலோசனை கேட்கப்பட்டது. கொழுப்பற்ற இறைச்சியையே உண்டு வந்த அக்குட்டிகளுக்கு நொறுக்கிய என்பும் பாலும் கொட் ஈரல் எண்ணெயும் கொடுக்குமாறு அவர் பணித்தார். குட்டிகள் தேறி எழுந்தன. பயன் தெரிந்தது; காரணம் தெரியவில்லை.

காரணத்தைத் தேடும் முயற்சி முதலாம் உலகப் போரின் முடிவிலே தீவிரமடைந்தது. 1919இல் எட்வர்ட் மெலன்பி என்னும் ஆங்கில விஞ்ஞானி, வீட்டினுள் அடைத்து வைத்து ஓட்ஸ் கஞ்சி ஊட்டி வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு றிக்கற்ஸ் நோய் வருவதையும், கொட் ஈரல் எண்ணெய் அதனைத் தடுப்பதையும் காட்டினார். அதே ஆண்டில் பேர்லின் நகரில் கூர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்னும் மருத்துவர், நோயுற்ற குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் கதிர்களுக்கு உட்படுத்தி அவர்களின் என்புகளைத் தேற்றினார். போரினால் வறுமையுற்ற வியன்னா நகரில் ஹரியற் சிக் என்னும் பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும், கொட் ஈரல் எண்ணெயும் சூரிய ஒளியும் ஒரே பயனை அளிப்பதைக் குழந்தைகளிடத்தே ஐயமற நிறுவினர். ஒளியும் எண்ணெயும் எவ்வாறு ஒரே வேலையைச் செய்யக்கூடும்? அன்றைய விஞ்ஞானிகளுக்கு அது ஒரு பெரும் புதிராகத் தோன்றியது.

1922இல் அமெரிக்க விஞ்ஞானி எல்மர் மக்கொலம் கொட் ஈரல் எண்ணெயைச் சூடாக்கி, அதனுள் வாயுவைச் செலுத்தி, அதிலிருந்த விற்றமின் ஏ சத்தை அழித்தார். அவ்வாறு அழித்த பின்னும் அவ்வெண்ணெய் என்பு நோயைத் தீர்த்தது. ஆகவே அதில் வேறொரு சத்து இருத்தல் வேண்டும் என உணர்ந்தார். ஏற்கெனவே ஏ, பீ, சீ எனப் பெயர் பெற்றவை இருந்தமையால், புதியது விற்றமின் டீ ஆயிற்று. தோலில் உள்ள கொழுப்புப் போன்ற ஒரு பொருளே சூரியனின் ஊதாக் கடந்த கதிர்களால் இச்சத்தாக மாறுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. இவ்வகைப் பொருள்களின் இரசாயன அமைப்பை ஆராய்ந்த ஜெர்மன் விஞ்ஞானி அடொல்ப் வின்டவுஸ் 1928இல் நோபல் பரிசு பெற்றார். உணவிலுள்ள கல்சியத்தைக் குடலிலிருந்து உடலுக்குள் ஏற்று என்புக்குக் கிடைக்கச் செய்வதே இச்சத்தின் தலையாய பணி.

மீனின் ஈரல் மனிதனின் என்பைக் காத்தது. ஆயின், மனிதனின் சொந்த ஈரல் அவனது என்புக்கு யாது செய்கிறது என்ற வினாவை அப்போது கேட்டவர் மிகச் சிலரே. அவ்வினாவுக்குரிய முதற் குறிப்பு ருசிய நாட்டின் ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து முன்னரே வந்திருந்தது. சீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பவ்லொவ், ஈரலிற் சுரக்கும் பித்தம் குடலை அடையாது உடலுக்கு வெளியே வடிந்துவிடுமாறு சில நாய்களிற் சத்திரசிகிச்சை செய்திருந்தார். காலப்போக்கில் அந்நாய்களின் என்புகள் மென்மையடைந்தன. பித்தம் இழந்த விலங்கு என்பின் உரத்தையும் இழந்தது. கொழுப்பைக் கரைத்து உட்கொள்ளப் பித்தம் இன்றியமையாதது. விற்றமின் டீ கொழுப்பிற் கரையும் சத்து. ஆதலால் பித்தமின்றேல் உணவிலுள்ள சத்தும் குடல்வழி வீணாகிவிடும். இவ்விளக்கம் பிற்காலத்தவர்க்கு எளிது. விற்றமின் டீ பெயர் பெறுவதற்கு முன்னர் வாழ்ந்தோர்க்கு அது கிட்டவில்லை.

இதற்கிடையில், முதியோரின் என்பைப் பற்றிய அறிவு வேறொரு பாதையில் நடந்துகொண்டிருந்தது. இலண்டன் சத்திர வைத்தியர் ஆஸ்லி கூப்பர், தொடை என்பின் கழுத்துப் பகுதி முறிவது முதியோரிடத்தே மிகுதி என்றும், முதுமையில் என்பு மெலிந்து இலேசாகிவிடுகிறது என்றும் 1820களில் எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சின் ஸ்ராஸ்பேர்க் நகரத்து நோயியல் அறிஞர் லொப்ஸ்ரைன், துளைகள் பெருகிய என்புக்கு ஒஸ்ரியோபொரோசிஸ் என்று பெயரிட்டார். தமிழில் அதனை என்புப்புரை நோய் எனலாம். 1941இல் அமெரிக்க மருத்துவர் புல்லர் அல்பிரைற், மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களின் என்பு விரைந்து மெலிவதை விளக்கி, பெண்மைச் சுரப்பின் குறைவே அதற்குக் காரணம் என்றார். இவ்வாறு என்பை ஆராய்ந்தோர் ஈரலைப் பார்க்கவில்லை. ஈரலை ஆராய்ந்தோர் என்பைப் பார்க்கவில்லை. ஒரே உடலின் இரு அறைகளில் இரு கூட்டத்தார், இடையிலிருந்த கதவைத் திறவாமலே வேலை செய்துகொண்டிருந்தனர்.

கதவைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் ஷீலா ஷேர்லொக் என்னும் ஆங்கிலப் பெண்மணியாவார். ஈரல் நோயியலைத் தனியொரு துறையாக வளர்த்த பெருமை அவரைச் சாரும். 1959இல் பிரித்தானியாவின் முதற் பெண் மருத்துவப் பேராசிரியராக அவர் நியமனம் பெற்றார். 1956இல் அட்கின்சன், என்பு நோய் அறிஞராகிய கிறிஸ்தோபர் நோர்டின் ஆகியோருடன் இணைந்து, நெடுங்காலம் செங்கண்மாரியால் வருந்திய நோயாளரின் என்புகளை ஆராய்ந்து அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பித்தக் குழாய் அடைபட்டு ஆண்டுக் கணக்கில் உடல் மஞ்சள் பாரித்தோர், உணவின் கொழுப்பைச் செரிக்க இயலாமல், கல்சியத்தையும் விற்றமின் டீயையும் இழந்து, என்பு நோயால் வருந்துவதை அக்கட்டுரை எடுத்துக்காட்டியது. பவ்லொவின் நாய்களிற் கண்ட உண்மை மனிதரிடத்தும் உறுதியாயிற்று. ஈரல் அறிஞரும் என்பு அறிஞரும் ஒரே கட்டிலின் இரு பக்கங்களிலும் நின்று ஒரே நோயாளரைப் பார்த்ததன் பயன் அது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் மற்றொரு பெரிய உண்மை வெளியாயிற்று. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஹெக்டர் டெலூக்காவும் அவர் குழுவினரும், தோலிற் பிறக்கும் விற்றமின் டீ அப்படியே வேலை செய்வதில்லை என்பதை 1968இற் கண்டறிந்தனர். அது முதலிற் குருதியுடன் ஈரலுக்குச் சென்று அங்கே ஒரு மாற்றத்தை அடைகிறது. பின்னர் சிறுநீரகத்தை அடைந்து மற்றொரு மாற்றத்தைப் பெறுகிறது. 1971ஆம் ஆண்டளவில் இவ்விரண்டாம் மாற்றமும் தெளிவாக விளங்கிற்று. இம்மாற்றங்கள் முடிந்த பின்னரே அச்சத்து வலிமை பெற்ற ஓமோனாகிக் குடலையும் என்பையும் ஆள்கிறது. மீனின் ஈரல் அச்சத்தைச் சேமித்து வைக்கும் களஞ்சியம். மனிதனின் ஈரலோ அதனைத் தீட்டிக் கூராக்கும் பட்டறை. பட்டறை பழுதடைந்தால், வெயில் எவ்வளவு காய்ந்தாலும் பயன் குன்றும்.

இக்கண்டுபிடிப்பு வைத்திய உலகில் பெரும் நம்பிக்கையைத் தோற்றுவித்தது. ஈரல் செய்ய வேண்டிய மாற்றத்தை ஆய்வுகூடத்திலேயே செய்து, மாற்றமடைந்த சத்தை நோயாளர்க்கு ஊட்டிவிட்டால் என்பு நோய் தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணினர். அந்நம்பிக்கை சோதிக்கப்பட்டது. பித்தக் குழாய்கள் மெல்ல மெல்ல அழியும் ஓர் ஈரல் நோய் உண்டு. அதனால் வருந்துவோருள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள். இத்தகைய நோயாளர்க்கு மாற்றமடைந்த சத்தைக் கொடுத்து 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, குருதியில் அச்சத்தின் அளவு நிறைவடைந்தது. ஆயினும் என்பு தொடர்ந்து மெலிந்தே சென்றது. எதிர்பார்த்தது நிகழவில்லை.

அத்தோல்வியே மேலான அறிவுக்கு வழிகாட்டியது. என்பின் சிறு துண்டுகளை எடுத்து நுணுக்குக் காட்டியில் ஆராய்ந்தபோது, ஈரல் நோயாளர் பலரிடம் காணப்பட்டது என்பு மென்மை நோயன்று, என்புப்புரை நோயே என்பது புலனாயிற்று. இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. மென்மை நோயில் சுவரின் கற்கள் இருக்கின்றன, அவற்றை இறுக்கும் சாந்து போதவில்லை. புரை நோயில் சாந்து குறைவில்லை, கற்களே குறைந்துவிட்டன. விற்றமின் டீ சாந்தைத் தரும். கற்களை அடுக்குவதற்கு வேலையாள் வேண்டும். ஈரல் நோயில் அவ்வேலையாளரே, அதாவது என்பைக் கட்டும் கலங்களே, சோர்ந்து போகின்றனர். ஆகவே ஈரல் என்புக்குச் செய்யும் உதவி விற்றமின் ஒன்றோடு முடிவதில்லை என்பது தெளிவாயிற்று.

அவ்வுதவிகள் யாவை? 1957இல் அமெரிக்க அறிஞர் சல்மன், டௌகடே ஆகிய இருவரும் வளர்ச்சி ஓமோனின் சொல்லைக் குருத்தென்புக்குக் கொண்டு செல்லும் தூதுப் பொருளொன்று குருதியில் இருப்பதைக் கண்டனர். குருதியில் ஓடும் அப்பொருளிற் பெரும்பகுதி ஈரலிலேதான் ஆக்கப்படுகிறது. என்பைக் கட்டும் கலங்களை அது ஊக்குகிறது. ஈரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் நோயில் அதன் அளவு வீழ்ச்சியடைகிறது. 1995இல் மற்றொரு கூட்டத்தார், செங்கண்மாரியில் உடலை மஞ்சளாக்கும் பிலிரூபின் என்னும் பொருளே என்பு கட்டும் கலங்கள் பெருகுவதைத் தடுப்பதை ஆய்வுகூடத்திற் காட்டினர். ஈரல் கெட்டவிடத்து ஆண்மைச் சுரப்பும் பெண்மைச் சுரப்பும் குறைகின்றன. டென்மார்க்கு விஞ்ஞானி ஹென்றிக் டாம் கண்டறிந்த விற்றமின் கே, குருதி உறைவதற்கு மட்டுமன்றி என்பின் புரதம் ஒன்றைச் செப்பனிடவும் வேண்டப்படுவது. பித்தம் குறைந்தால் அதுவும் குறையும். நாட்பட்ட அழற்சி, என்பை அரிக்கும் கலங்களைத் தூண்டி விடுகிறது. இத்தனை கயிறுகளால் ஈரலும் என்பும் பிணைக்கப்பட்டுள்ளன.

மதுப்பழக்கத்தின் பங்கும் இங்கே கூறத்தக்கது. மிகுந்த மது ஈரலைக் கெடுக்கிறது என்பது பழைய செய்தி. 1965இல் வெளியான ஆய்வொன்று, இறந்தோரின் என்புகளை ஒப்பிட்டு, பெருங்குடியராய் இருந்தோரின் என்பு அவர்தம் வயதுக்குரிய அளவினும் குறைந்திருந்ததைக் காட்டியது. மது என்பு கட்டும் கலங்களை நேரே நலிவிக்கிறது. ஈரலைக் கெடுத்து மறைமுகமாகவும் நலிவிக்கிறது. கால்களைத் தடுமாறச் செய்து மனிதனைக் கீழே வீழ்த்தவும் செய்கிறது. ஒரே பகைவன் மூன்று வாயில்களால் உட்புகுவது போன்றது இது.

வீழ்தல் என்பது தனித்து நோக்கத்தக்க பொருளாகும். என்பு மெலிந்தவர் எல்லோருக்கும் முறிவு ஏற்படுவதில்லை. பெரும்பாலும் விழுந்தபின்னரே முறிவு ஏற்படுகிறது. சிரோசிஸ் நோயில் தசைகள் கரைந்து மெலிகின்றன. குருதியைத் தூய்மை செய்ய வேண்டிய ஈரல் அப்பணியிற் குறைவுறும்போது, அமோனியா முதலிய நச்சுப் பொருள்கள் மூளையை அடைந்து அதன் விழிப்பை மழுங்கச் செய்கின்றன. இம்மழுக்கம் சிலரிடம் மிகச் சிறிதாக, உரையாடலிற் கூடத் தெரியாத அளவில் இருக்கும். 2011இல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகர மருத்துவர்கள், இத்தகைய மறைவான மூளைச் சோர்வு உள்ள சிரோசிஸ் நோயாளர், அஃது இல்லாதோரிலும் மிக அதிகமாகக் கீழே விழுகின்றனர் என்று காட்டினர். மெலிந்த என்பு, மெலிந்த தசை, மந்தமான விழிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கு சேரும்போது, வீட்டின் சிறு வாசற்படியும் ஆபத்தாகிறது.

விழுந்து முறிந்த பின்னரும் ஈரலின் நிழல் நீங்குவதில்லை. குருதியை உறையச் செய்யும் பொருள்களுட் பெரும்பாலானவை ஈரலில் உண்டாகின்றன. ஆகவே ஈரல் தளர்ந்தவர்க்கு இடுப்பு என்பைப் பொருத்தச் சத்திரசிகிச்சை செய்யும்போது குருதிப் பெருக்கும் கிருமித் தொற்றும் ஏற்படும் அபாயம் மிகுதி. மயக்க மருந்தும் வலிநீக்கி மருந்தும் ஈரலாலேயே சிதைக்கப்படுவன ஆதலால், அவற்றின் அளவையும் மிகக் கவனமாக நிர்ணயித்தல் வேண்டும். இடுப்பு முறிவு எவர்க்கும் கொடியது. ஈரல் நோயுள்ள முதியவர்க்கோ அது இரு மடங்கு இடர் தரும் சோதனை.

ஈரலையே மாற்றிவிட்டால் என்பு தேறிவிடுமா? தோமஸ் ஸ்ரார்சல் என்னும் அமெரிக்கச் சத்திர வைத்தியர் 1963இல் முதன்முதலாக மனிதனில் ஈரல் மாற்றுச் சிகிச்சையை முயன்றார். 1967இல் நோயாளர் நெடுநாள் உயிர்வாழும் வெற்றியைக் கண்டார். 1980களில் இச்சிகிச்சை பரவியபோது விந்தையான ஒன்று காணப்பட்டது. புதிய ஈரல் பெற்ற பின்னர் முதற் சில மாதங்களில் என்பு மேலும் விரைவாக மெலிந்து, பலருக்கு முள்ளந்தண்டு என்புகள் நொறுங்கின. மாற்று உறுப்பை உடல் நிராகரியாதிருக்கக் கொடுக்கப்பட்ட ஸ்ரிரொயிட் மருந்துகள் அதற்கு ஒரு முக்கிய காரணம். அக்காலம் கடந்தபின், புதிய ஈரலின் துணையால் என்பு மெல்ல மெல்ல அடர்த்தி பெற்றது. நல்ல ஈரல் என்பை மீட்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

என்பின் மெலிவை முறிவுக்கு முன்னரே அறியும் வழியும் இக்காலத்திலேதான் கிட்டியது. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில், என்பின் கணிசமான பகுதி அழிந்த பின்னரே மெலிவு கண்ணுக்குத் தெரியும். 1987இல் இருவகை வலுவுள்ள எக்ஸ் கதிர்களைக் கொண்டு என்பின் அடர்த்தியை அளக்கும் கருவி வழக்கிற்கு வந்தது. 1994இல் உலகச் சுகாதார நிறுவனம் அவ்வளவுக்கு ஒரு வரையறை வகுத்தது. இளம் வயதினரின் சராசரி அடர்த்தியினின்றும் 2.5 நியம விலகலோ அதற்கு மேலோ குறைந்திருப்பின் அது என்புப்புரை நோய் எனப்படும். நோவில்லாத இச்சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இவ்வரலாறு ஈரல் நோயாளர் சிலரை மட்டும் பற்றியதன்று. இலங்கையின் ராகமப் பகுதியில், 35 முதல் 64 வயது வரையுள்ளோரிடையே 2007இல் நடத்தப்பட்ட ஆய்வொன்று, மதுவினால் உண்டாகாத கொழுப்பேறிய ஈரல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இருப்பதைக் காட்டியது. அன்று நடுவயதினராய் இருந்தவர்கள் இன்று முதுமையை அடைந்தும் அணுகியும் நிற்கின்றனர். கொழுப்பேறிய ஈரல் உள்ளவர் எல்லோரும் என்பு மெலிவர் என்று கூறுதல் பொருந்தாது. இது குறித்த ஆய்வுகள் ஒருமுகப்பட்ட முடிவை எட்டவில்லை. ஆயினும் அவர்களுள் ஒரு பகுதியினருக்கு ஈரல் காலப்போக்கில் வடுப்பட்டு இறுகும். அந்நிலையை அடைந்தோர்க்கு என்பைப் பற்றிய கவலை கற்பனையன்று.

ஆகவே மருத்துவம் இன்று தரும் அறிவுரை தெளிவானது. சிரோசிஸ் நோயோ நெடுநாட் பித்தத் தடையோ உள்ள முதியவரின் என்பு அடர்த்தி அளக்கப்படல் வேண்டும். சிறு வீழ்ச்சியிலேயே என்பு முறிந்த முதியவரின் ஈரலும் வினவப்படல் வேண்டும். புரதமும் கல்சியமும் நிறைந்த உணவு, மிதமான வெயில், நாள்தோறும் நடை, தசைக்கு வலுவூட்டும் எளிய பயிற்சி ஆகியவை அடிப்படைகள். ஈரல் நோயாளர் இறைச்சி, மீன், முட்டை, பருப்பு முதலியவற்றைத் தாமாகவே விலக்கிப் பட்டினி கிடப்பது தசையையும் என்பையும் ஒருசேர உருக்கும். என்பு அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. ஆயின் ஈரல் இறுகியோர் பலரின் உணவுக் குழாயிற் குருதி நாளங்கள் புடைத்திருக்குமாதலின், வாயால் விழுங்கும் சில மாத்திரைகள் அவர்களுக்கு ஏற்றவையல்ல. அதனை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். மதுவை அறவே விடுதல் ஈரலுக்கும் என்புக்கும் ஒருங்கே செய்யும் நன்மை.

வீட்டாரின் கடமையும் சிறிதன்று. இரவில் எழுந்து செல்லும் வழியில் ஒரு விளக்கு, குளிக்குமிடத்திற் பற்றிக்கொள்ள ஒரு பிடி, தரையில் ஈரமின்மை, காலுக்குப் பொருந்திய செருப்பு ஆகியவை மிகுந்த செலவை வேண்டாதவை. முதியவர் பகலில் அதிகம் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பழகிய வேலைகளிற் குழம்பினாலோ, அதனை வயதின் இயல்பென்று ஒதுக்கிவிடலாகாது. அது ஈரல் மூளைக்கு அனுப்பும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அடுத்து வரவிருக்கும் வீழ்ச்சியின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

கிளிசன் 1650இல் என்பைப் பற்றியும் 1654இல் ஈரலைப் பற்றியும் எழுதினார். அவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட காலம் நான்கு ஆண்டுகள்; அவற்றின் பொருள்களுக்கு இடைப்பட்ட உறவை அறிய மனித அறிவு நடந்த தூரமோ முந்நூறு ஆண்டுகள். மீனவரின் எண்ணெயும், வியன்னாக் குழந்தைகளின் வளைந்த கால்களும், செங்கண்மாரி நோயாளரின் துன்பமும், தோல்வியுற்ற ஒரு மருந்தும் அவ்வழியில் விளக்குகளாய் நின்றன. அவ்வறிவு நூல்களில் மட்டும் தங்கிவிடாமல், ஈரல் நோயுள்ள ஒரு மூதாட்டி விழுவதற்கு முன்னரே அவர்தம் என்பைச் சோதிக்குமாறு ஒரு மகனையோ மகளையோ தூண்டுமாயின், அம்முந்நூறு ஆண்டு உழைப்பும் உரிய பயனை அடைந்ததாகும்.